‘கடலைத்தானே எடுத்தோம்’ என்று சொன்னால் போதுமா?

வாசகர் கேள்வி:

“வக்கீல் மேடம், வணக்கம். சேலையூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, ப்ரீ வெட்டிங் ஷூட் எல்லாம் எடுப்போம். தை மாதம் இரண்டாவது வாரம் என் தம்பி ஒரு ஜோடியைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் மெரினாவுக்குப் போனான். நேப்பியர் பாலம் பக்கம் மணலில் நின்று ட்ரோனைக் கிளப்பியிருக்கிறான். கொஞ்ச நேரத்திலேயே கடற்படைக் காவலர்கள் வந்து இறக்கச் சொல்லி, ட்ரோன், ரிமோட், அவன் போன் எல்லாவற்றையும் வாங்கி போலீசிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் மதியம் வரை உட்காரவைத்து, வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார்கள். பொருட்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ரசீது எதுவும் தரவில்லை. அவன் கடலையும் அந்த ஜோடியையும்தான் எடுத்தான். ட்ரோன் 250 கிராமுக்குள் வருவது, அனுமதியே தேவையில்லை என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். கூகுள் டிரைவில் அன்று எடுத்த கிளிப் கொஞ்சம் இருக்கிறது, அழித்துவிடலாமா? ராணுவ ரகசியம் அது இது என்று வழக்கு வருமா? ட்ரோன் திரும்பக் கிடைக்குமா? மாசியில் கேம்ப் ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன், ஏரியல் ஷாட் தருகிறேன் என்று அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். அதையாவது எடுக்கலாமா?”

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சென்னை

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம். கூகுள் டிரைவில் இருக்கும் அந்த கிளிப்களை அழிக்காதீர்கள். தம்பியிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

பயத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அழித்துவிடலாம் என்பதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். போன் போலீசிடம் இருக்கிறது. ட்ரோனுக்குள் மெமரி கார்டு இருக்கிறது. எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்பியது, எவ்வளவு உயரம் போனது, எந்தப் பக்கம் திரும்பியது என்பதெல்லாம் பறப்புப் பதிவில் தானாகவே ஏறியிருக்கும். டிரைவில் இருப்பதை நீங்கள் அழித்தால், அழித்த நேரமும் தெரிய வரும். விசாரணையில் கேட்கக்கூடிய ஒரு மின்னணுப் பதிவை, அது கிடைக்கக் கூடாது என்று அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின், அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டத்தின், 241-வது பிரிவில் தனிக் குற்றம். தெரியாமல் ட்ரோன் விட்ட ஒரு இளைஞரின் விவகாரம், எதையோ மறைத்தவரின் விவகாரமாக மாறிவிடும். இப்போது உங்கள் தம்பியின் பக்கம் இருக்கும் பெரிய பலமே அவர் எதையும் மறைக்கவில்லை என்பதுதான். சொன்னவுடன் இறக்கினார், கேட்டதைக் கொடுத்தார், ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்தார். அந்தப் பலத்தை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அழிக்கக் கூடாது என்றால் அனுப்பலாம் என்று பொருள் இல்லை. அந்த ஜோடி கேட்டாலும் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வேண்டாம், இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வேண்டாம். எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

சரி, ‘கடலைத்தானே எடுத்தோம்’ என்பதற்கு வருவோம். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இப்படிப்பட்ட எல்லா விவகாரங்களிலும் கேட்கிறேன். சொல்கிறவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் ட்ரோன் சட்டம் முதலில் கேட்கிற கேள்வி நீங்கள் எதைப் படம் எடுத்தீர்கள் என்பது அல்ல. ட்ரோன் எந்த வானத்தில் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி. கேமராவைக் கழற்றி வைத்துவிட்டுப் பறக்கவிட்டிருந்தாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கும்.

தம்பி நின்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். நேப்பியர் பாலத்தருகே மணலில் வடக்குப் பார்த்து நின்றால் கூவம் கடலில் சேரும் முகத்துவாரம். அதைத் தாண்டினால் கடற்படையின் ஐஎன்எஸ் அடையாறு. பிரதமர் சென்னைக்கு வரும்போது ஹெலிகாப்டர் வந்து இறங்குகிற தளம் அது. பக்கத்திலேயே கடலோரக் காவல்படையின் கிழக்கு மண்டலத் தலைமையகம். அப்படியே போனால் போர் நினைவுச் சின்னம், ராணுவ வளாகங்கள், தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருக்கிற புனித ஜார்ஜ் கோட்டை, அதற்கும் அப்பால் துறைமுகம். பாலத்திலிருந்து கோட்டைக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. சென்னையில் ட்ரோன் விடவே கூடாத இடம் எது என்று என்னைக் கேட்டால் மீனம்பாக்கத்துக்கு அடுத்து இந்த இடத்தைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். ப்ரீ வெட்டிங் ஷூட்டில் ட்ரோனால் எடுக்கும் ஷாட்டில் பாதி, ஜோடியை நடுவில் வைத்துச் சுற்றி வருகிற ஆர்பிட் ஷாட். ட்ரோன் கடல் பக்கம் இருக்கும்போது கேமரா சாலையைப் பார்க்கும். வடக்கே போனால் விவேகானந்தர் இல்லம் பக்கத்து மெரினாவைப் பார்க்கும். தெற்கே வரும்போது? நேராக வடக்கே, தளத்தைப் பார்க்கும். அகலமான லென்ஸ், 4கே பதிவு, காலை வெளிச்சம். பெண்ணும் மாப்பிள்ளையும் கீழே சின்னதாக நிற்க, அவர்களுக்குப் பின்னால் ஹெலிகாப்டர் தளமும் கட்டடங்களும் தெளிவாக விழுந்திருக்கும். தம்பி அதைப் பார்த்திருக்கவே மாட்டார், அவர் கண் முழுக்க ஜோடியின் மேல்தான் இருந்திருக்கும். அவர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் கிளிப்பைப் பார்க்கும் அதிகாரி ஜோடியைப் பார்க்க மாட்டார், பின்னணியைத்தான் பார்ப்பார்.

போதாததற்கு, தை இரண்டாவது வாரம் என்றால் குடியரசு தினத்தை ஒட்டிய நாட்கள். காமராஜர் சாலையில் அணிவகுப்பு ஒத்திகை நடக்கிற நேரம். அந்த நாட்களில் காவல் எப்போதையும்விட விழிப்பாக இருக்கும்.

இப்போது அந்த 250 கிராம். கடையில் சொன்னது முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து. 2021 ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு அறிவித்த ட்ரோன் விதிகளில் 250 கிராமும் அதற்குக் கீழும் உள்ளவை ‘நானோ’. அவற்றை ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம், ட்ரோனின் மாடலுக்கு வாங்க வேண்டிய டைப் சான்றிதழும் வேண்டாம். சலுகை என்பது இந்த மாதிரி விஷயங்களில்தான். எங்கே பறக்கலாம் என்பதில் எடைக்குச் சலுகை கிடையாது. 249 கிராம் ட்ரோனுக்கும் 20 கிலோ ட்ரோனுக்கும் சிவப்பு மண்டலம் ஒரே சிவப்புதான்.

அந்த 250 கிராம்கூட பெட்டியில் அச்சடித்திருக்கிற எடை அல்ல. பறக்கும்போது அதில் என்னென்ன மாட்டியிருக்கிறதோ எல்லாம் சேர்த்து. கல்யாண வேலைக்கு அதிக நேரம் பறக்க வேண்டுமே என்று பெரிய பேட்டரி போட்டிருப்பீர்கள். இறக்கைக்குப் பாதுகாப்பு வளையம், லென்ஸுக்கு ஃபில்டர் மாட்டியிருப்பீர்கள். ஒரு தடவை நகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், 250-ஐத் தாண்டியிருந்தால் அது ‘மைக்ரோ’. மைக்ரோ ட்ரோனைப் பொழுதுபோக்குக்கு ஓட்டினால் பைலட் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். நீங்கள் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுகிறீர்கள், உங்களிடம் கேட்பார்கள்.

வானத்தை அந்த விதிகள் மூன்று நிறமாகப் பிரித்திருக்கின்றன. பச்சையில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சளில் அந்தப் பகுதியின் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இருந்தால் மட்டுமே. எது எந்த நிறம் என்பது ட்ரோன்களுக்கான மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதளத்தின் வரைபடத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு தடவை கிளப்புவதற்கு முன்பும் அதைப் பார்த்துத் தடை இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது ட்ரோன் ஓட்டுபவரின் கடமை என்று விதியே சொல்கிறது. அதனால் ‘தெரியாது’ என்பது தண்டனையைக் குறைக்கக் கேட்கலாமே தவிர, குற்றமே இல்லை என்று வாதிட உதவாது. போன வாரம் பார்த்தேன் என்பதும் போதாது. மாநில அரசும் காவல்துறையும் ஒரு பகுதியைச் சில நாட்களுக்குத் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். பிரதமர் வருகை, சுதந்திர தினம், குடியரசு தினம் என்று வரும்போதெல்லாம் சென்னையில் ட்ரோனுக்குத் தடை உத்தரவு வருவதை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த உத்தரவை மீறுவதற்கு நியாய சன்ஹிதாவின் 223-வது பிரிவு தனியாக இருக்கிறது.

‘ஆப் தடுக்கவில்லையே, பறந்ததே’ என்று தம்பி சொல்லக்கூடும். ட்ரோன் கம்பெனியின் ஆப் பறக்க விடுவது இந்திய அரசின் அனுமதி ஆகாது. அதேபோல் ‘லோக்கல் ஸ்டேஷனில் ஒரு லெட்டர் கொடுத்துவிட்டோம்’ என்பதும் போதாது. சிவப்பு மண்டலத்தைத் திறக்கும் அதிகாரம் ஸ்டேஷனுக்கு இல்லை. நிறைய மண்டபக்காரர்களும் ஈவென்ட் எடுத்து நடத்துகிறவர்களும் இதைத் தப்பாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

உங்கள் தொழிலுக்குச் சென்னையைச் சுற்றி எங்கெங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கு மட்டுமல்ல, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் பயன்படும். தெற்கே மீனம்பாக்கம் விமான நிலையம். அதன் சுற்றுச்சுவரிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு, 8 வரை மஞ்சள், 8-லிருந்து 12 வரை 200 அடிக்கு மேல் மஞ்சள். பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. அதைத் தாண்டினால் தாம்பரம் விமானப்படைத் தளம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர் என்று போனால் ஒரு சிவப்பு முடிவதற்குள் இன்னொன்று வந்துவிடுகிறது. மேற்கே ஆவடி: டாங்கிகள் தயாராகும் கனரக வாகனத் தொழிற்சாலை, அவற்றை வடிவமைக்கும் டிஆர்டிஓ (பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகம், விமானப்படை நிலையம். பட்டாபிராம், திருமுல்லைவாயல் மண்டபங்களில் வேலை எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இன்னும் போனால் அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி. கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் வேட்டை விமானங்களான பி-8ஐ அங்கிருந்து பறக்கின்றன. வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள். பழவேற்காடு அழகான இடம்தான், ஆனால் ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ஈசிஆரில் போகலாம் என்றால் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம், வழியில் மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்கள், அவற்றுக்கு அவர்கள் அனுமதி தனி. நடுநடுவே பச்சை நிறையவே இருக்கிறது. நான் சொன்னேன் என்று எந்த இடத்துக்கும் போகாதீர்கள், அன்று காலை வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். 2021 ஜூன் 27 விடியற்காலையில் ஜம்மு விமானப்படைத் தளத்துக்குள் ட்ரோன்கள் இரண்டு குண்டுகளைப் போட்டன. இருவருக்குக் காயம். அடுத்த மாதமே மும்பையிலும் கொச்சியிலும் கடற்படைக் கட்டளையகங்கள், தங்கள் தளங்களைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் ட்ரோன் பறந்தால் கைப்பற்றுவோம், தேவைப்பட்டால் அழிப்போம் என்று பகிரங்கமாக அறிவித்தன. 2025 மே மாதம் எல்லையோர நகரங்களில் இரவெல்லாம் ட்ரோன் வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு ஒரு தளத்தின் வாசலில் காவல் நிற்கிறவருக்கு, விடியற்காலையில் கேட்கிற அந்த ரீங்காரம் கல்யாண ட்ரோனா வேறு ஏதாவதா என்று தெரிய வழியே இல்லை. முடிவெடுக்க அவருக்கு இருப்பது சில வினாடிகள். சிக்னலைத் தடுக்கும் ஜாமரைப் போட்டிருந்தால் உங்கள் ட்ரோன் கட்டுப்பாடு இழந்து, கீழே நடைப்பயிற்சி போகிறவர் தலையில்கூட விழுந்திருக்கலாம். இறக்கச் சொல்லி வாயால் கேட்டார்களே, அது நல்ல காலம்.

அதே நேரத்தில் ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த அரசு விதிகள் ட்ரோன் தொழிலுக்கு எதிரானவை அல்ல. ஜம்மு சம்பவம் நடந்த இரண்டே மாதத்தில் வந்த 2021 விதிகள் உண்மையில் பழையவற்றைத் தளர்த்தின. 25 படிவங்கள் 5 ஆயின, 72 வகைக் கட்டணங்கள் 4 ஆயின. நாட்டின் வான்பரப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் பச்சை என்று அரசு சொன்னது. பரந்த இடத்தைத் திறந்துவிட்டு, சில இடங்களை மட்டும் இறுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். இந்த ஏற்பாடு சரி என்பதுதான் என் கருத்து. எனக்கு வருத்தம் வேறு இடத்தில். ட்ரோனை விற்கிற கடையில் இந்த வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. மெரினாவில் குளிக்காதே, குப்பை போடாதே என்று பலகை இருக்கிறது. லட்சக்கணக்கில் மக்கள் வருகிற கடற்கரையில் இது ட்ரோன் தடைப் பகுதி என்று தமிழில் பெரிதாக எழுதி வைத்தால் எத்தனை குடும்பங்களின் நிம்மதி மிஞ்சும்! கடன் வாங்கி ட்ரோன் வாங்கும் இளைஞர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

இனி நீங்கள் பயந்துகொண்டிருக்கும் கேள்வி. ராணுவ ரகசிய வழக்கு வருமா?

நீங்கள் குறிப்பிடுவது 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம். அதன் 3-வது பிரிவு கடுமையானது. கடற்படை, ராணுவ, விமானப்படை நிலையங்கள் எல்லாம் அந்தச் சட்டத்தின்படி ‘தடைசெய்யப்பட்ட இடம்’. அப்படிப்பட்ட இடத்தை நெருங்குவது, அதற்குள் நுழைவது, அதன் அருகே இருப்பது, ஏன், அதற்கு மேலே கடந்து போவதுகூட அந்தப் பிரிவில் இருக்கிறது. வரைபடம் என்ற சொல்லுக்குள் புகைப்படத்தையும் சேர்த்திருக்கிறார்கள். பாதுகாப்புத் தளம் சம்பந்தப்பட்டது என்றால் தண்டனை 14 ஆண்டு வரை. ஆனால் இதெல்லாம் நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு செய்யும் நோக்கத்தோடு செய்திருந்தால்தான். அந்த நோக்கம் இல்லாவிட்டால் 3-வது பிரிவு இல்லை.

நோக்கத்தை எப்படி முடிவு செய்வார்கள்? இங்கேதான் கவனம் தேவை. சூழ்நிலை, நடத்தை இவற்றை வைத்தே நோக்கத்தை ஊகிக்கலாம் என்று அந்தச் சட்டம் அனுமதிக்கிறது. அதனால் உங்கள் பக்கத்துச் சூழ்நிலையைக் காகிதத்தில் காட்டத் தயாராக இருங்கள். அந்த ஜோடியோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, அட்வான்ஸ் வாங்கிய ஜிபே பதிவு, கல்யாணப் பத்திரிகை, ஸ்டுடியோவின் ஜிஎஸ்டி அல்லது உரிமப் பதிவு, முன்பு எடுத்த வேலைகள், அன்று கூட வந்த மேக்கப் பெண்மணியின் பெயர் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். விடியற்காலையில் ஜோடியோடு வந்து, பகிரங்கமாக மணலில் நின்று, கேட்டவுடன் இறக்கிக் கொடுத்த ஒரு ஸ்டுடியோ இளைஞரின் மீது கேடான நோக்கத்தைச் சாட்டுவது எளிதல்ல. இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் அரசின் அதிகாரம் பெற்ற முறையான புகார் வேண்டும். ஸ்டேஷனில் ஒருவர் நினைத்தால் மட்டும் ஓடிவிடக்கூடிய வழக்கு அல்ல இது.

கிளிப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று மேலே சொன்னேனே, அதற்குக் காரணம் இதே சட்டத்தின் 5-வது பிரிவு. தடைசெய்யப்பட்ட இடத்தைப் பற்றிய படமோ தகவலோ கையில் இருந்து, அதை உரிமை இல்லாதவருக்குக் கொடுப்பதைப் பற்றியது அது. தம்பி எடுத்தது தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம். இவ்வளவும் நடந்த பிறகு இன்ஸ்டாவில் போட்டால் அதைத் தெரியாமல் போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

என் கணிப்பில், பெரும்பாலும் இது ட்ரோன் விதிகளை மீறியதாகவும் தடை உத்தரவை மீறியதாகவுமே முடியும். ட்ரோன் விதிகளின்படி சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதிக்கக்கூடிய அபராதம் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். சின்னத் தொகை இல்லை, ஆனால் 14 ஆண்டு என்று நினைத்துத் தூக்கம் கெட வேண்டிய நிலைமையும் இல்லை.

ட்ரோனைத் திரும்பப் பெறுவதற்கு, முதலில் அந்த ஸ்டேஷனில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தெரிய வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்களா, புகார் வந்ததைக் குறித்துவைக்கும் சி.எஸ்.ஆர். மட்டும்தானா, இல்லை எதுவுமே இல்லையா? நீங்களோ தம்பியோ தனியாகப் போய் நின்று கெஞ்ச வேண்டாம். ஒரு வழக்கறிஞரோடு போங்கள். அந்தச் செலவு கடினம் என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கேட்கலாம். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால் மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான பட்டியல், எழுத வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும், இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவு. கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105. உங்களுக்கு ரசீது இல்லை என்பதால், என்னென்ன பொருள் எந்தத் தேதியில் வாங்கப்பட்டது என்று எழுதி, சீரியல் எண்ணோடு, ஸ்டேஷனுக்கு ஒரு மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சண்டை போடுகிற தொனி வேண்டாம், விவரம் மட்டும் இருக்கட்டும்.

அப்புறம் எல்லைக்குரிய மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பொருளைத் திரும்பக் கேட்டு மனு போடலாம். பொருளை நீதிமன்றத்தில் ஒப்படைக்காத நிலையில் அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவு, ஒப்படைத்துவிட்டால் 497. கைப்பற்றிய பொருட்களை ஸ்டேஷனில் தேவைக்கு மேல் போட்டுவைக்கக் கூடாது, படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் போனும் மெமரி கார்டும் தடய அறிவியல் ஆய்வுக்குப் போனால் அவை வரத் தாமதமாகும். அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

‘உரியவரிடம்’ என்றேன். அங்கேதான் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கக்கூடும். கடிதத்தில் ட்ரோனின் பில்லைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்வதை மத்திய அரசு 2022 பிப்ரவரி 9 அன்று தடை செய்தது. பாதுகாப்புத் துறை, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. பில் இல்லாமல் கையில் கொண்டுவந்து விற்ற ட்ரோனாக இருந்தால், நீதிமன்றத்தில் ‘இது என்னுடையது’ என்று சொல்லும்போதே அடுத்த கேள்வி வரும். ஜிஎஸ்டி பில் இருக்கிறதா, ட்ரோனுக்குப் பதிவு எண் எடுத்தீர்களா என்று உங்கள் வழக்கறிஞரிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடுங்கள். மனு போடுவதா வேண்டாமா என்பதே அந்தப் பதிலைப் பொறுத்தது.

அந்த வெள்ளைத்தாள் கடிதத்தில் தம்பி என்ன எழுதினார் என்று அவருக்கே சரியாக நினைவிருக்காது. புலன்விசாரணையில் போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம், போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிராகச் செல்லாது என்பதும் சட்டம். அதனால் அந்தத் தாளைப் பார்த்து அஞ்ச வேண்டாம். மறுபடி கூப்பிட்டால், எழுத்தில் நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போக வேண்டும், தட்டிக்கழித்தால் கைது வரைக்கும் போகலாம். போகும்போது வழக்கறிஞரோடு போகட்டும். கேட்டதற்கு நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். ‘நான் ஓட்டவில்லை, நண்பன் ஓட்டினான்’ என்பது மாதிரி ஒரு சின்னப் பொய்கூட வேண்டாம். ஒன்று செய்யச் சொல்லுங்கள்: அன்று எத்தனை மணிக்குக் கிளம்பினார், எங்கே வண்டியை நிறுத்தினார், எவ்வளவு உயரம் ஏற்றினார், காவலர்கள் என்ன சொன்னார்கள் என்று ஞாபகம் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அது உங்கள் வழக்கறிஞருக்கு மட்டும்.

கடைசியாக மாசி ரிசப்ஷன். கேம்ப் ரோடு பக்கம் என்றால் தாம்பரம் விமானப்படைத் தளம் எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறது. அங்கே விமானப்படையின் பறக்கும் பயிற்றுநர்கள் பள்ளி நடக்கிறது. உங்கள் ஸ்டுடியோ மாடியிலிருந்தே பயிற்சி விமானங்கள் தாழ்வாகத் திரும்பி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் வழியில் ஒரு ட்ரோன் குறுக்கே வந்தால் போவது உள்ளே இருக்கும் இருவரின் உயிரும், கீழே இருக்கும் நம் வீடுகளும். இரவு ரிசப்ஷன்தானே, அப்போது விமானம் பறக்காதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சிவப்பு மண்டலத்துக்கு இரவு பகல் இல்லை. ஒரு கல்யாணத்துக்காக அங்கே மத்திய அரசு அனுமதி கிடைக்கும் என்று எண்ணிக் காத்திருப்பதிலும் பயனில்லை. அதுவும் ஒரு விவகாரம் நிலுவையில் இருக்கும்போது, அதே ஸ்டுடியோ இன்னொரு பாதுகாப்புத் தளத்தின் அருகே ட்ரோன் விட்டது என்று வந்தால், இதுவரை நான் சொன்ன சமாதானம் எதுவும் நிற்காது.

இந்த வாரமே பெண் வீட்டாரிடம் பேசிவிடுங்கள். ‘இந்த ஏரியா விமானப்படைத் தளத்துக்குப் பக்கம், சட்டப்படி ட்ரோன் விட முடியாது’ என்று நேராகச் சொல்லி, அந்தப் பங்குக்கான தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஜிம்மி ஜிப் (கேமராவைத் தூக்கும் கிரேன்) ஏற்பாடு செய்தால் மாப்பிள்ளை அழைப்பையும் மேடையையும் உயரத்திலிருந்து எடுக்கலாம். மண்டபத்து மொட்டை மாடியிலிருந்து வாசல் அலங்காரத்தை எடுக்கலாம்; கேமரா தளத்தின் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனி போடும் ஒப்பந்தங்களில் ‘ட்ரோன் ஷாட், இடத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தம்பி ட்ரோன் வேலையைத் தொடர விரும்பினால், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சேர்ந்து ரிமோட் பைலட் சான்றிதழ் எடுக்கட்டும். பத்தாம் வகுப்பு தேறியிருந்து, வயது 18-லிருந்து 65-க்குள் இருந்தால் போதும், சான்றிதழ் பத்து ஆண்டு செல்லும். தமிழக அரசின் ஆளில்லா விமானக் கழகமே சென்னையில் பயிற்சி தருகிறது. ஆனால் இந்த விவகாரத்தில் ஸ்டேஷனில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தெரிந்த பிறகு சேரட்டும். அதுவரை வேறு ட்ரோனை இரவல் வாங்கி ஓட்டுவதும் வேண்டாம்.